பெட்டிக்குள் யார் இருந்தார்கள்?

(மணலூர்பேட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரயில் வண்டியைச் சிறிய அளவில் செய்து தண்டவாளத்தில் ஓடவிடும் கலைஞர்கள் நம் நாட்டில் அதிகம் இல்லை. இருப்பவர்கள் அசாத்திய உழைப்பாளிகள். எஞ்சினின் இணைப்புத் தண்டு முதல் கொதிகலனில் அடித்த ரிவெட்டு வரை அளந்து செய்கிறார்கள். இன்ன ஆண்டில் பெட்டிக்கு என்ன வண்ணம் பூசியிருந்தார்கள் என்பதற்காகப் பழைய ஆவணங்களைத் தேடிப் படிக்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்த பெட்டியின் சன்னலுக்குள் குனிந்து பார்த்தால் பெரும்பாலும் உள்ளே ஒருவரும் இருப்பதில்லை. இருந்தாலும் வேறு தேசத்து மனிதர்கள், கோட்டும் தொப்பியும் அணிந்து, கை கால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தக் குறையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அந்தந்தக் காலத்துப் பயணிகளை உரிய வகுப்பில், உரிய உடையில், உரிய நெரிசலோடு ஏற்றாத பெட்டி வரலாற்றைத் தவறாகச் சொல்கிறது என்பது என் கருத்து. பயணிகளை அலங்காரத்துக்காகக் கடைசியில் ஒட்டும் பொருளாக நினைக்கிறோம். பெட்டியின் அளவும் அமைப்பும் அவர்களுக்காகவே உண்டானவை என்பதால், கணக்கு அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

ரயில் வராத ஊரில் ரயிலைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். தென்பெண்ணையின் தென்கரையில் இருக்கும் இந்த ஊருக்கு ரயில் நிலையம் இல்லைதான். ஆனால் ஆற்றுக்கு வடக்கே விழுப்புரம்–காட்பாடி பாதை போகிறது. திருக்கோவிலூர் நிலையம் என்று பெயர்ப்பலகை இருந்தாலும் அது நிற்பது அக்கரையில், அரகண்டநல்லூரில். அங்கிருந்து ஆதிச்சனூர், தண்டரை வழியாக வண்டி திருவண்ணாமலை போய்ச் சேர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஓடத் தொடங்கி, தென்னிந்திய ரயில்வே கம்பெனிக் காலத்திலும், 1951இல் தெற்கு ரயில்வே அமைந்த பிறகும், நூறாண்டுக்கு மேல் அது மீட்டர் கேஜ் பாதையாகவே இருந்தது. அதன் பிறகு அகலப்பாதை ஆனது. அந்த மீட்டர் கேஜ் பெட்டிகளை இனி இந்தப் பாதையில் பார்க்க முடியாது. மாதிரியாகச் செய்து வைத்தால்தான் அடுத்த தலைமுறை காணும். அப்படிச் செய்கிறபோது யாரை ஏற்றுவது என்பது, ஆற்றைக் கடந்து போய் அந்த வண்டியில் ஏறிய இந்த வட்டாரத்து மக்களின் வரலாறு.

முதலில் பெட்டியின் அமைப்பைப் பார்ப்போம். ஐரோப்பியப் பெட்டியின் சன்னலில் கண்ணாடி உண்டு. அதில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும். உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது ஓடும் மாதிரியில் அவ்வளவாகத் தெரியாது. நம் மூன்றாம் வகுப்புப் பெட்டியின் சன்னல் வெப்பத்துக்காகத் திறந்து வைக்கவே உண்டானது. மரக் கதவை மேலே தூக்கிவிட்டால் இரும்புக் கம்பிகள் மட்டும் இருக்கும். கம்பிகளுக்குப் பின்னால் முகம், கம்பிக்கு வெளியே முழங்கை, சன்னல் விளிம்பில் காயப் போட்ட துண்டு, கம்பியில் கட்டித் தொங்கவிட்ட தூக்குவாளி. வாசலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தவர்கள் வேறு. வண்டி தூரத்தில் வரும்போது நம் கண் முதலில் பிடிப்பது இந்த மனிதர்களைத்தான், பெட்டியின் வண்ணத்தை அன்று. ஆகவே ஐரோப்பிய மாதிரியில் மன்னிக்கத்தக்க வெறுமை நம் மாதிரியில் அப்பட்டமாகத் தெரிகிறது. அங்கே பயணிகளை ஏற்றாமல் விட்டவர்களின் வழக்கத்தை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று எப்படித் தெரியும்? இதே பாதையில், பெயரும் நாளும் வயதும் தெரிந்த ஒரு பயணி இருக்கிறார். 1896 ஆகஸ்டு 29 அன்று மதுரையிலிருந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன் வீட்டில் சொல்லாமல் புறப்பட்டான். கையில் 3 ரூபாய். பழைய தேசப்படத்தைப் பார்த்து, திருவண்ணாமலைக்கு அருகே உள்ள நிலையம் திண்டிவனம் என்று நினைத்து, 2 ரூபாய் 13 அணாவுக்குப் பயணச்சீட்டு வாங்கினான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் புதிதாகப் பாதை போட்டிருப்பது அந்தப் படத்தில் இல்லை. பெட்டியில் உடன் வந்த வெண்தாடி மௌல்வி ஒருவர்தான் அதை எடுத்துச் சொன்னார். விழுப்புரத்தில் இறங்கி, மீதிக் காசுக்கு மாம்பழப்பட்டு வரை சீட்டு எடுத்து, அங்கிருந்து அறையணிநல்லூர் என்ற அரகண்டநல்லூருக்கு நடந்து, ஆற்றைத் தாண்டிக் கீழூர் போய், காதிலிருந்த பொன் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்து, திருக்கோவிலூரில் மறுபடியும் ரயில் ஏறி, செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலையில் இறங்கினான். பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்த வேங்கடராமன்தான் அந்தப் பையன்.

இந்தப் பயணத்தை ஆன்மிக வரலாறாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். மாதிரி செய்கிறவர் இதை மூன்றாம் வகுப்புப் பெட்டியின் ஆவணமாகவும் படிக்கலாம். 1896இல் நம் பாதையில் ஓடிய வண்டியைச் செய்தால், குடுமியும் பூணூலும் கடுக்கனும் தரித்த, வேட்டி கட்டிய ஒரு பையனை உட்கார வைக்கலாம். கற்பனை என்று ஒருவரும் குறை சொல்ல முடியாது. மதுரை வண்டியில் அவனருகே வெண்தாடியோடு ஒரு மௌல்வி இருக்க வேண்டும். அந்தக் காலத்துத் தென்னாட்டு ரயில் பெட்டியில் யாரும் யாரோடும் பேசும்படி பலகை இருக்கை இருந்தது என்பதற்கு அந்த உரையாடலே சான்று. இன்னும் நுணுக்கமாகப் போகலாம். விழுப்புரம்–மாம்பழப்பட்டு வண்டியில் அவன் காதில் கடுக்கன் உண்டு. திருக்கோவிலூர்–திருவண்ணாமலை வண்டியில் கடுக்கன் கிடையாது. அதற்குப் பதிலாக, அடகு பிடித்த வீட்டார் கொடுத்த பட்சணப் பொட்டலம் கையில் உண்டு. ஊசி முனையால் வைக்கும் ஒரு பொற்புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதைக் கொண்டு, அந்த மாதிரி எந்த நிலையத்துக்கும் எந்த நிலையத்துக்கும் இடையே ஓடுகிறது என்று சொல்லிவிட முடியும். இப்படிப்பட்ட துல்லியம் எஞ்சின் எண்ணுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டியதில்லை.

நெரிசலுக்குச் சான்று காந்தியடிகள். 1917 செப்டம்பரில் பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் மூன்றாம் வகுப்பில் வந்த அனுபவத்தைப் பத்திரிகைகளுக்கு எழுதினார். 22 பேருக்கென்று எழுதியிருந்த பெட்டியில், ராய்ச்சூர் தாண்டிய இரவில் பெரும்பகுதி நேரம் 35 பேர் இருந்தார்கள். சிலர் அழுக்குத் தரையில் படுத்தார்கள், சிலர் நின்றுகொண்டே வந்தார்கள். இது அகலப்பாதை வண்டி, நம் பாதை அன்று. ஆனாலும் ஒரு விதியை இதிலிருந்து எடுக்கலாம். இருக்கைக்கு ஒருவர் என்று எண்ணி உட்கார வைப்பது மூன்றாம் வகுப்புக்குப் பொருந்தாது. தரையில் ஆள், நடையில் ஆள், மூட்டைமேல் ஆள் என்று வர வேண்டும். அதே வண்டியின் முதல் வகுப்புப் பெட்டியில் ஓரிருவர் இருந்தால் போதும். பெட்டிகள் இரண்டையும் அடுத்தடுத்து இணைத்து ஓடவிட்டால், வகுப்புப் பிரிவு என்பது என்ன என்று ஒரு பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம், சன்னல்களே காட்டிவிடும். வெறும் பெட்டிகளாக விட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் வண்ணத்திலும் எழுத்திலும்தான் தெரியும். சன்னலில் முகங்கள் இருந்தால் அநியாயத்தின் அளவும் தெரியும்.

உடைக்கும் காந்தியடிகளே சான்று தருகிறார். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் சட்டையையும் குல்லாயையும் துறந்து முழத்துண்டுக்கு மாறினார். அதற்கு முன் சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் வழியில் ரயில் பெட்டியில் கண்ட கூட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்: அநேகமாக எல்லோரும் அந்நியத் துணி உடுத்தியிருந்தார்கள், கதர் உடுத்தச் சொன்னபோது அதை வாங்க வசதியில்லை என்றார்கள். ஆகவே 1921ஆம் ஆண்டுப் பெட்டி என்றால் எல்லோருக்கும் கதரும் குல்லாயும் மாட்டிவிடுவது பிழை. சுதந்திரப் போராட்டக் காலம் என்றதும் நம் மனம் எல்லோரையும் தேசபக்தர் கோலத்தில் நிறுத்த விரும்புகிறது. சான்று வேறு மாதிரி சொல்கிறது. ஓரிரு கதர்க்குல்லாய், மற்றவர்களுக்கு மில் துணி என்பதே அந்தப் பெட்டியின் உண்மை. அந்த ஓரிருவருடைய துணிவின் அளவும் அப்போதுதான் புலப்படும்.

இப்படி ஒவ்வொரு பொருளும் ஆண்டைச் சொல்லும். கறுப்பு-சிவப்புக் கரை வேட்டி ஒன்று பெட்டியில் இருந்தால் அது 1949 செப்டம்பரில் தி.மு.க. தோன்றிய பிறகு ஓடிய வண்டி. மடியில் டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் 1950களின் பிற்பாதிக்கு முன்னால் போக முடியாது. பிளாஸ்டிக் குடத்தைக் கம்பெனிக் காலத்துப் பெட்டியில் வைத்தால் மொத்த மாதிரியும் கெட்டது. பித்தளைக் கூஜாவும் இரும்பு டிரங்குப் பெட்டியும் ஜமக்காளத்தில் சுருட்டிய படுக்கையும் அங்கே இருக்க வேண்டியவை. பெட்டியின் மேல் மூன்று என்ற வகுப்பு எண் இருக்குமானால், 1974இல் மூன்றாம் வகுப்பு ஒழிந்ததற்கு முந்தைய உடைகளே உள்ளே இருக்க வேண்டும். இதோடு பருவமும் திசையும் சேரும். கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை நோக்கிப் போகும் வண்டியில் மஞ்சள் துணி மூட்டையும் கட்டுச்சோறும் குழந்தைகளும் நிறைய. அறுவடைக்குப் பின் விழுப்புரம் போகும் வண்டியில் மல்லாட்டை மூட்டைகள். கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து வந்தவர் என்றால் புளி, கடுக்காய். இந்தச் சரக்கெல்லாம் நம் வட்டாரத்தின் விளைச்சல். ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ உட்கார்ந்து யாரும் இதை நமக்காகச் செய்து தரமாட்டார்கள்.

மாதிரிக்கான சிறு மனித உருவங்களைச் செய்து விற்பவர்கள் இல்லாமல் இல்லை. ஜெர்மனியின் பிரைசர் நிறுவனம் 1949 முதல் இதே தொழிலில் இருக்கிறது. நிற்பவர், நடப்பவர், உட்கார்ந்தவர் என்று கணக்கில்லாத உருவங்கள். வாங்கி மேனிக்கு மாநிறம் பூசிவிட்டால் நம் ஆட்கள் ஆகிவிடமாட்டார்களா என்பது அடிக்கடி எழும் கேள்வி. ஆகமாட்டார்கள். உடம்பு உட்காரும் விதமே வேறு. அந்த உருவங்கள் இரண்டு காலையும் கீழே ஊன்றி, முதுகை நிமிர்த்தி, மடியில் கைப்பையோடு இருக்கும். நம் மூன்றாம் வகுப்பில் பலகைமேல் சம்மணமிட்டவர், ஒரு காலை மடித்து ஒரு காலைத் தொங்கவிட்டவர், முந்தானையால் பிள்ளையைப் போர்த்தி மடியில் கிடத்தியவர், மூட்டைமேல் தலை சாய்த்துத் தூங்குபவர் என்று ஒவ்வொருவரும் ஒரு விதம். கோட்டின் மடிப்பும் புடவையின் மடிப்பும் வண்ணத்தால் ஒன்றாகா. மாதிரிப் பெட்டியின் தரையை எடைக்காகத் தடிமனாக வைப்பதால் வாங்கிய உருவங்களின் கால்களை முழங்காலோடு வெட்டித்தான் ஒட்டுகிறார்கள். சம்மணமிட்ட நம் ஆளுக்கு அந்தச் சங்கடமும் இல்லை.

அப்படியானால் செய்வது யார், எவ்வளவு செலவாகும் என்பது அடுத்த கேள்வி. இதற்கு நம் மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். உலகில் அதிகம் பேர் செய்யும் மாதிரி 1:87 என்ற அளவு. அதில் 165 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் 19 மில்லிமீட்டர்தான். அந்த உயரத்தில் முகபாவத்தைக் கையால் செதுக்குவது மிகக் கடினம். ஆனால் வேறோர் அளவு இருக்கிறது. 1968இல் ஜெர்மனியின் லேமன் நிறுவனம் எல்.ஜி.பி. என்ற பெயரில் 1:22.5 அளவில் வண்டிகளை விற்கத் தொடங்கியது. அதன் தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டர். 45ஐ 22.5ஆல் பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ ஒரு மீட்டர். மீட்டர் கேஜ் பாதையைக் காட்டுவதற்கென்றே அமைந்த அளவு அது. அந்த அளவில் நம் பயணி 7 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நிற்பார். 7 சென்டிமீட்டர் மர உருவம் என்றால் தேர்ந்த மரச்சிற்பியின் கைக்கு அடங்கும் வேலை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் உளி பிடிக்கும் குடும்பங்கள் பல இருக்கின்றன. தெய்வ உருவங்களுக்கு முகம் திறக்கும் அந்தக் கைகளுக்கு, தண்டரையில் இறங்கப் போகும் ஒரு பாட்டியின் முகத்தைத் திறப்பது புது வேலையாக இருக்கலாம், முடியாத வேலை அன்று. ஒரு பெட்டியில் எழுபது எண்பது பேரையும் முழு உருவமாகச் செதுக்க வேண்டியதில்லை. சன்னலோரத்தவர் முழு உருவம், நடுவில் இருப்பவர் மார்பளவு, அதற்கும் உள்ளே தலையும் தோளும் என்று வைத்தால் வேலை பாதியாகக் குறையும். ஒருமுறை செதுக்கியதை அச்செடுத்துக் களிமண்ணிலோ பிசினிலோ வார்த்து, வண்ணத்தால் வேறுபடுத்திக்கொள்ளலாம்.

ரயில் மாதிரி என்பதே மேனாட்டார் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்பாரும் உண்டு. நவராத்திரியில் படி கட்டிக் கல்யாண ஊர்வலம், செட்டியார் கடை, கிராமத்துச் சந்தை என்று சிறு மனிதர்களை அடுக்கி ஒரு வாழ்க்கையையே காட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது? காட்சியை மனிதர்களைக் கொண்டு சொல்வது நம் கலை. இங்கிலாந்தில் பெண்டன் அருங்காட்சியகம் 1920கள், 30களின் கிராமப்புறத்தை வீடு, தோட்டம், ரயில் என்று அளந்து செய்துவைத்திருக்கிறது. ஹாம்பர்க்கில் 2001இல் திறந்த மினியாட்டூர் வுண்டர்லாண்டில் லட்சக்கணக்கான சிறு மனிதர்கள் இருக்கிறார்கள். பார்க்க வருபவர்கள் எஞ்சினை மட்டும் அல்ல, அந்த மனிதர்களையும் தேடிப் பார்க்கிறார்கள். கொலுப் படியில் நாம் நெடுநாளாகச் செய்துவருவதை அவர்கள் ரயிலோடு சேர்த்துச் செய்கிறார்கள்.

இனி ஒரு கனமான ஆட்சேபம். பழைய காலத்துப் பயணிகளை உள்ளபடியே வைத்தால் சாதியையும் வைக்க வேண்டியிருக்கும். நிலையங்களின் உணவுச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் 1940களின் தொடக்கம் வரை இருந்தது. அதை அகற்றப் பெரியாரும் அவர் இயக்கமும் போராட வேண்டியிருந்தது. ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ-இந்தியர்களுக்கும் ஒதுக்கிய பெட்டிகள் இருந்தன. தலை மழித்து வெள்ளைப் புடவையில் ஒடுங்கியிருந்த இளம் கைம்பெண்கள் பெட்டியில் இருந்தார்கள். இவற்றையெல்லாம் பிள்ளைகள் பார்க்கும் மாதிரியில் வைத்துப் புண்ணைக் கிளற வேண்டுமா? வைக்கத்தான் வேண்டும் என்பேன். விட்டுவிட்டால் அந்த ரயில் எல்லோரையும் சமமாக ஏற்றிச் சென்றது போன்ற பொய்த் தோற்றம் உண்டாகும். அதை மாற்றப் போராடியவர்களின் உழைப்பும் சேர்ந்து மறையும். ஆனால் ஒரு கட்டுப்பாடு வேண்டும். எந்த மனிதரையும் கேலிச் சித்திரமாகச் செய்யக் கூடாது. தென்னிந்தியச் சாதிகளைப் பற்றித் தொகுத்து எழுதிய ஆங்கிலேயர் தர்ஸ்டன் காலத்து நிழற்படங்களைப் பார்த்து உடையை அறியலாம். அவர் மனிதர்களை வகை வகையாக நிறுத்திப் படம் பிடித்த பார்வையை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் அந்த நாளில் ஏதோ ஒரு வேலையாக, ஏதோ ஓர் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். செதுக்குகிறவர் அவரவர் போகும் காரியத்தை மனத்தில் வைத்துச் செதுக்கினால் கேலி தானாக விலகும்.

மாதிரி செய்பவர்களே எழுப்பும் ஓர் ஆட்சேபமும் உண்டு, நியாயமானது. வண்டி நிலையத்தில் நின்றாலும் யாரும் இறங்குவதில்லை. அதே முகங்கள் மறுபடி மறுபடி சுற்றி வருகின்றன. அதைவிடக் காலியாக இருப்பதே மேல் என்கிறார்கள். ஓடும் சக்கரத்துக்கும் அசையாத மனிதருக்கும் உள்ள முரண்பாடு உண்மைதான். ஆனால் காலிப் பெட்டியும் நிலையத்தில் யாரையும் ஏற்றுவதில்லை. ஓடும் வண்டியில் கண் முகங்களின் அடர்த்தியைத்தான் பார்க்கிறது, தனித்தனி ஆளை அன்று. அதனால் நின்று ஏறி இறங்கும் தோற்றத்தில் யாரையும் செய்யாமல், நீண்ட வழிப் பயணத்தில் இருப்பவர்களாகவே செய்தால் முரண் பெரிதும் குறைகிறது: தூங்குபவர், வெற்றிலை மடிப்பவர், பிள்ளைக்குத் தண்ணீர் புகட்டுபவர். கூரையைக் கழற்றும்படி அமைத்து, தீபத்துக்கு ஒரு கூட்டம், சாதாரண நாளுக்கு ஒரு கூட்டம் என்று தட்டோடு மாற்றிக்கொள்ளவும் முடியும்.

கடைசியாகச் சான்று. 1896க்கு ரமணரும் 1917க்கும் 1921க்கும் காந்தியடிகளும் கிடைத்தார்கள். நம் பாதையில் 1950 முதல் கடைசி மீட்டர் கேஜ் வண்டி வரை பயணம் செய்த ஆயிரக்கணக்கானவர்களின் உடையும் மூட்டையும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது இந்த ஊரிலும் திருக்கோவிலூரிலும் எழுபது வயதைத் தாண்டியவர்களின் நினைவிலும், பெட்டிகளில் உறங்கும் குடும்பப் படங்களிலும் இருக்கிறது. தை மாதம் 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது சுற்று வட்டார உறவெல்லாம் இங்கே கூடுகிறது. அன்று இளைஞர்கள் பெரியவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதி வையுங்கள்: எந்த ஆண்டில், எந்த நிலையத்தில் ஏறினீர்கள்? என்ன உடுத்தியிருந்தீர்கள், கையில் என்ன இருந்தது? பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்? பழைய படம் கிடைத்தால் பின்புறத்தில் ஆண்டையும் ஊரையும் பென்சிலால் எழுதிவிட்டு, படி எடுத்துக்கொண்டு, படத்தை உடையவரிடமே திருப்பிக் கொடுங்கள். இருபது பேருடைய விடைகள் சேர்ந்தால் ஒரு பெட்டியின் சன்னலோரம் முழுவதும் நிரம்பும். சிற்பியிடம் போய் வேலையைத் தொடங்கச் சொல்ல அது போதும்.